ஏழாவது பேனா

முப்பது ஆண்டு. பதினோராயிரத்துச் சொச்சம் கட்டுரைகள்.
தலைப்பு, சுருக்கம், குறிச்சொல்
இவற்றை மட்டும் வடித்துக் கொடு என்றார்கள்.
வடித்தேன்.
எது கஞ்சி, எது சோறு என்று
அப்போது யாரும் கேட்கவில்லை.

தார்த்துவில் நவம்பர். மூன்றரைக்கே இருட்டு.
ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே தெரியாததால்
திரையிலிருந்த வட்டங்கள் ஊர்போலத் தெரிந்தன.
நடுவில் நீலமாய் 'நிலைத்த வளர்ச்சி'.
அதன் விலாவில் முளைவிட்ட 'பசுமைப் பொருளாதாரம்'
ஒரே ஐந்தாண்டில் பந்தலேறியிருந்தது.
மஞ்சளில் 'சுழற்சி'.
ஓரமாய், சிவப்பாய், சிறிதாய் 'வளர்ச்சிக் குறைப்பு',
தன்னையே மேற்கோள் காட்டிக்கொண்டு.
அண்மைக்காலமாக 'நீதியான மாற்றம்'
எல்லா வட்டத்தோடும் கைகுலுக்குகிறது,
தேர்தல் நேரத்து வேட்பாளன் மாதிரி.

எரியும் கல் எங்கே என்று தேடினேன்.
எங்கள் மொழியில் அந்தப் பாறைக்கு அதுதான் பெயர்.
நான் படித்த விளக்கெல்லாம் அது எரித்ததுதான்.
பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கிப் பார்த்தால்
கடுகளவு ஒரு புள்ளி.

திட்டத்தின் கடைசி வரியில்
'களத்தில் சரிபார்த்தல்' என்றிருந்தது.
மிச்சப் பணமும் அதற்குத்தான் இருந்தது.
கிவியொலிக்குப் பஸ் ஏறினேன்.

சாம்பல் மலை பனி போர்த்தி வெள்ளையாய் நின்றது.
ஒரு சரிவில் விளக்குப் போட்டுச்
சறுக்கிக்கொண்டிருந்தார்கள்.
மூன்றாம் மாடி. ரிம்மா செலிவானோவா.
இருபத்திரண்டு வருஷம்
ஓடும் பட்டையருகே நின்று
எரியாத கல்லைப் பொறுக்கி எறிந்தவள்.
பட்டை நின்று பதினாறு மாதம்.

என் அரைகுறை ரஷ்ய மொழியில் 'ஒரு சிறிய ஆய்வு' என்று தொடங்குமுன்
மேசை இழுப்பறையைத் திறந்தாள்.
ஆறு பேனாக்கள்.

"இது முதலில் வந்தவர்கள் கொடுத்தது. மை போய்விட்டது.
இது மூங்கில்.
இது பால் அட்டையில் செய்ததாம்,
குறுக்கெழுத்துக்கு நல்லது.
இதை நட்டால் தக்காளி வரும் என்றார்கள்.
பால்கனியில் மைனஸ் இருபது."
ஒவ்வொன்றின் உடம்பிலும் ஒரு சொல்.
வரிசை மாறவில்லை.
என் வரைபடத்தின் இடமிருந்து வலம்
அப்படியே கிடந்தது
ஒரு கத்தரிக்கோலுக்கும் பழைய பேருந்து அட்டைக்கும் நடுவில்.

"எல்லாருக்கும் ஒரு கேள்வி பிடிக்கும்" என்றாள்.
"சுத்தமான காற்றுக்கு மாதம் எத்தனை யூரோ தருவாய்?
முதலில் பதினைந்து என்றேன். சம்பளம் இருந்தது.
அப்புறம் ஐந்து.
போன வருஷம் சைபர்.
சைபரை நீங்கள் என்னவென்று எழுதினீர்கள்?"

எனக்குத் தெரியும்.
நான்காம் அட்டவணை, கடைசி நிரல்:
'சுற்றுச்சூழல் விழிப்புணர்வு குறைவு'.
அதை எண்ணியவள் நான்.
எண்ணி, வண்ணமும் கொடுத்தவள்.

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.
"அந்தக் காற்றை முன்னால் விற்றது யார் என்று
ஒருத்தரும் கேட்கவில்லை" என்றாள்,
கோபமாக அல்ல,
உப்புப் போட மறந்ததைச் சொல்வதுபோல.

பையிலிருந்த ஏழாவதை
நான் எடுக்காமலே அவள் பார்த்துவிட்டாள்.
வாங்கிச் செய்தித்தாள் ஓரத்தில் கிறுக்கினாள்.
குளிரில் எழுதவில்லை.
உள்ளங்கையில் உருட்டி, வாயால் ஊதி,
ஒப்புதல் படிவத்தை இழுத்துத்
தன் பெயரை முழுதாக எழுதினாள்,
தகப்பன் பெயரோடு.

பெயரை நீக்கவேண்டும் என்பது நெறிமுறை.
நல்ல நெறிமுறைதான், அவர்களைக் காக்கத்தான்.
பஸ்ஸில் அதை இரண்டு முறை
எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

இன்று கட்டுரையை அனுப்பவேண்டும்.
குறிச்சொற்கள் ஆறு வரை போடலாம்.
ஐந்து போட்டுவிட்டேன்.